தெற்கே விழுந்த நிழல்

எனக்கு ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்க வராது. பன்னிரண்டு வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுத்தேன். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் நாற்காலியில் உட்கார்ந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு வாரம் தேறாது. சோதனைச்சாலையைத் திறப்பதே இல்லை, அதிகாரிகள் ஆய்வுக்கு வரும் நாளுக்கு மட்டும் தூசி தட்டுகிறார்கள் என்று நிர்வாகத்திடம் சண்டை போட்டுவிட்டு ஒருநாள் வெளியே வந்துவிட்டேன். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும். அந்தக் கோபத்தில்தான் என் பிழைப்பே நடக்கிறது.

வெளியே வந்த பிறகு சின்னப் பிள்ளைகளுக்கு அறிவியல் படப்புத்தகம் செய்ய ஆரம்பித்தேன். பதினாறு பக்கம். பக்கத்துக்கு ஒரு படம், இரண்டு வரி. படத்தில் இருக்கிற பிள்ளை என்ன செய்கிறதோ அதைப் படிக்கிற பிள்ளையும் எழுந்து போய்ச் செய்ய வேண்டும். தண்ணீரில் போட வேண்டும், ஊத வேண்டும், வெயிலில் நிற்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் என்ன ஆயிற்று என்று ஒரு படம் இருக்கும்.

வெளிநாட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழில் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. இந்த ஊரில் யாரும் கண்டிராத ஏதோ ஒரு கீரைத் தண்டை வண்ணத் தண்ணீரில் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். நான் பூக்கடையில் சம்பங்கி வாங்கி, நீல மைத் தண்ணீரில் வைத்து, இதழ் நீலமாகிற வரை காத்திருந்து பார்த்துவிட்டு எழுதினேன். எது மிதக்கும் எது முழுகும் என்று வாழைத் தோட்ட ஊரான தொட்டியத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பேசப் போனபோது, தெர்மாக்கோலைத் தூக்கிப் போட்டுவிட்டு வாழை மட்டையைக் கொடுத்தேன். செய்து பார்க்காமல் ஒரு வரி எழுதமாட்டேன் என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொள்வேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிக்கொள்வேன்.

படம் வரைந்து கொடுப்பவர் பாலக்கரையில் இருக்கிறார். மாதா கோயில் திருவிழாவுக்குத் தட்டி எழுதிக்கொண்டிருந்தவர், என்னிடம் வந்து மாட்டிக்கொண்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், அக்கா என்று கூப்பிடுவார். நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார். அந்த ஒன்றையும் நான் முழுதாகக் கேட்டதில்லை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

நிழலைப் பற்றிய புத்தகத்தைப் பொங்கல் கழிந்த வாரத்தில் செய்தோம். திருவானைக்காவலில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், ஒரு முழக் குச்சியை மண் தொட்டியில் நட்டு, காலையிலிருந்து நிழல் எங்கே போகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டு வந்தேன். அந்த மாடியில் நின்றால் ஒரு பக்கம் மலைக்கோட்டை தெரியும், அது தெற்கு. எதிர்ப் பக்கம் தென்னந்தோப்புக்கு அப்பால் கொள்ளிடம், அது வடக்கு. பன்னிரண்டு இருபதைத் தாண்டியதும் நிழல் மிகச் சின்னதாகி, கொள்ளிடத்தைப் பார்த்துப் படுத்தது. நான் நினைத்தபடியே வந்தது. அவர் வரைந்துகொண்டே கேட்டார்.

"எப்பவுமே இந்தப் பக்கம்தானாக்கா விழும்?"

"எப்பவும்தான். சூரியன் நமக்குத் தெற்கால இருக்கு, நிழல் வடக்கால விழுது. இதுல என்ன சந்தேகம்?"

"இல்லக்கா, எங்க வீட்டு வடக்குச் சுவத்துல வெயில் காலத்துல..."

"நீங்க படத்தைப் பாருங்க. அறிவியலை நான் பாத்துக்கறேன்."

அவர் படத்தைப் பார்த்தார். நான் பதினைந்தாம் பக்கத்துக்கு இரண்டு வரி எழுதினேன். நண்பகலில் நிழல் எப்போதும் வடக்கே விழும். இனி உனக்குத் திசைகாட்டி வேண்டாம். கடைசிப் பக்கத்தில் ஒரு சிறுமி நிற்கிறாள், அவள் காலடியில் இருந்து குட்டி நிழல் கொள்ளிடத்தை நோக்கி ஓடுகிறது. அழகான படம். புத்தகம் நன்றாகப் போயிற்று. ஆறு மாதத்துக்குள் இரண்டாம் அச்சு போடலாம் என்று பதிப்பகத்தில் பேச்சு வந்தது.

ஆடி பிறந்ததும் ஸ்ரீரங்கத்திலிருந்து ஓர் ஆசிரியை போனில் கூப்பிட்டார். கோயிலுக்கு வடக்கே, அடையவளஞ்சான் வீதியை ஒட்டிய ஒரு சந்தில் சின்னத் தொடக்கப் பள்ளி. நான்காம் வகுப்புக்கு என் நிழல் புத்தகத்தை வைத்துப் பாடம் எடுத்ததாகவும், போன வாரம் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி எல்லாவற்றையும் செய்துவிட்டதாகவும், நான் வந்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. யார் வீட்டிலாவது புத்தகத்தைத் திறந்து வெயிலில் நிற்கிறார்களா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. இங்கே ஒரு வகுப்பே நின்றிருக்கிறது.

முற்றத்தில் வேப்ப மரத்துக்கு இந்தப் பக்கம் குச்சி நட்டிருந்தார்கள். கொஞ்சம் வடக்கே சாய்ந்திருந்தது. ஆடிக் காற்று என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். சுவர் முழுக்கப் பிள்ளைகளின் படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி, நான்கு திசை, ஒரு நிழல். எல்லா நிழலும் வடக்கே. முப்பது படமும் என் கடைசிப் பக்கத்தைப் போலவே இருந்தன. அப்போதே எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். முப்பது பிள்ளைகள் நிஜமாகவே அளந்தால் முப்பது படமும் ஒன்றுபோல் வராது. எனக்கு வாயெல்லாம் பல்.

ஒரு படத்தில் மட்டும் தாள் அழுக்காக இருந்தது. ரப்பர் போட்டுத் தேய்த்த இடம். கிட்டே போய்ப் பார்த்தேன். குச்சிக்குக் கீழே, தெற்குப் பக்கம், ஸ்கேல் வைத்து அழுத்திப் போட்ட ஒரு கோடு இருந்த தடம் தெரிந்தது. அதன் பக்கத்தில் ஏதோ எண் எழுதி அதையும் அழித்திருந்தது, அந்த இடத்தில் தாளே மெலிந்துவிட்டது. யாருடையது என்று கேட்டேன். மூன்றாவது வரிசையிலிருந்து இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"தப்பா போட்டுட்டேன் மிஸ். அப்புறம் சரி பண்ணிட்டேன்."

"முதல்ல எந்தப் பக்கம் போட்டிருந்த?"

"கோயில் பக்கம் மிஸ்."

"நிழல் கோயில் பக்கமா விழுந்துச்சு?"

அவள் தன் ஆசிரியையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "விழுந்த மாதிரி இருந்துச்சு மிஸ்."

"மாதிரிங்கற பேச்சே அறிவியல்ல கிடையாது. நீ நல்லா கவனிக்கல. கவனிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். அடுத்த தடவை நல்லா கவனிச்சுப் பாரு, என்ன?"

"சரிங்க மிஸ்."

நான் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். தலையைக்கூடத் தட்டிக் கொடுத்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள், எனக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள், டீ வந்தது. அவள் உட்கார்ந்து டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தக் கோட்டின் தடம் கண்ணிலேயே நின்றது. விளையாட்டுப் பிள்ளை போட்ட கோடு இல்லை அது. ஸ்கேல் வைத்துப் போட்டிருக்கிறாள், பக்கத்தில் அளவும் எழுதியிருக்கிறாள். திசை தெரியாமல் போட்டாள் என்றும் சொல்ல முடியாது. ஸ்ரீரங்கத்தில் வீதிக்கு வீதி கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என்றுதான் பெயர். நடக்க ஆரம்பித்த குழந்தைகூட எந்தப் பக்கம் கோயில், எந்தப் பக்கம் கொள்ளிடம் என்று கைகாட்டும். திருவானைக்காவலில் இறங்க வேண்டியவள், யோசனையில் காவிரிப் பாலம் தாண்டிப் போய் இறங்கி, எதிர்ப் பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன்.

மறுநாள் பதினொரு மணிக்கே மாடிக்குப் போய்விட்டேன். தொட்டியில் அதே குச்சி. மேகம் வந்து வந்து போனது. நடந்தேன், உட்கார்ந்தேன், கொடியில் இருந்த துணியை மடித்தேன், மறுபடியும் நடந்தேன். பன்னிரண்டு இருபதுக்கு நல்ல வெயில் அடித்தது. ஒரு சாண்கூட இல்லாத நிழல், மலைக்கோட்டையைப் பார்த்து விழுந்திருந்தது.

தெற்கே.

குச்சி நேராக இருக்கிறதா என்று நான்கு பக்கமும் சுற்றி வந்து பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. அப்புறம்தான் புத்தி வந்தது. சூரியன் சித்திரையில் நம் தலைக்கு மேல் வந்து, நம்மைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது. ஆவணி வரைக்கும் அங்கேதான். அந்த நான்கு மாதமும் திருச்சியில் நண்பகல் நிழல் தெற்கே விழும். இது எனக்குத் தெரியாதா? உருண்டை வரைந்து, கோடு போட்டு, கடக ரேகை இது, மகர ரேகை இது, நாம் இங்கே நடுவில் இருக்கிறோம் என்று பன்னிரண்டு வருடம் கரும்பலகையில் போட்டவள் நான். கரும்பலகையில் தெரிந்தது மாடியில் தெரியவில்லை. வருடம் பூராவும் வடக்கே நிழல் விழுகிற தேசத்துப் புத்தகங்களைப் படித்து வளர்ந்துவிட்டு, தை மாதத்தில் ஒரே ஒரு நாள் குச்சி நட்டு, 'எப்போதும்' என்று எழுதிவிட்டேன். பூவை மாற்றினேன், மட்டையை மாற்றினேன். சூரியனை மட்டும் அவர்கள் புத்தகத்தில் இருந்தபடியே எடுத்துக்கொண்டேன்.

பாலக்கரைக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"அதான்கா அன்னிக்குக் கேட்டேன். வெயில் காலத்துல எங்க வீட்டு வடக்குச் சுவத்துல உச்சி வெயில் அடிக்கும். அங்க காயப் போட்ட தட்டியெல்லாம் வெளுத்துப் போயிடும்."

"அதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"சொல்ல விட்டீங்களா?"

எனக்கு அசடு வழிந்தது. ரெண்டாவது படம் ஒன்று வரைந்து தருகிறேன், அச்சை நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். பதிப்பகத்தில் கூப்பிட்டுச் சொன்னேன். எல்லாம் தயாரான பிறகு இப்படிச் சொன்னால் எப்படி என்று கோபித்துக்கொண்டார்கள். நானும் பதிலுக்குக் கத்தினேன், தப்பு என்னுடையது என்பதை மறந்துவிட்டு. ஆனால் அச்சு நின்றது. புத்தகத்தின் காரியம் ஒரு போன் பேச்சில் முடிந்துவிட்டது.

அந்தப் பெண்ணின் காரியம் முடியவில்லை. பத்து நிமிடத்தில் பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரம்தான். போகவில்லை. நாளைக்குப் போகலாம் என்று வியாழக்கிழமை சொன்னேன், திங்கட்கிழமையும் சொன்னேன். ஒரு கடிதம் எழுதி ஆசிரியைக்கு அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். எழுதிப் பார்த்தேன், நாலு வரிக்குள் என் பெருமை மூன்று இடத்தில் வந்துவிட்டது. கிழித்தேன். சமையலில் உப்பு கூடியது, வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். நான் பயந்தது தப்பை ஒத்துக்கொள்வதற்கு அல்ல. அதை ஒரு நகைச்சுவைக் கதையாக மேடையில் சொல்லிக் கை தட்டல்கூட வாங்கிவிடுவேன். தன் கண்ணால் பார்த்ததைத் தன் கையாலேயே அழித்த ஒரு பெண்ணின் முகத்தைப் பார்க்கத்தான் பயந்தேன். அவள் அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் முதலில் டீச்சர் முகத்தைப் பார்ப்பாள். அப்படிப் பார்க்க வைத்தவள் நான்.

செவ்வாய்க்கிழமை போனேன். வாசலிலேயே ஆசிரியையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"எல்லாப் பிள்ளைங்களும் தெற்காலதான் மேடம் சொன்னுச்சுங்க. எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது. குச்சி கோணலா இருக்கும் போலன்னு கொஞ்சம் வடக்கால சாய்ச்சு நட்டேன். அப்புறம் புக்குல இருக்கற மாதிரி வந்துடுச்சு."

காற்று சாய்த்த குச்சி இல்லை அது. புத்தகத்துக்காகச் சாய்த்த குச்சி. எனக்குச் சிரிப்பு வந்தது. அவரை என்ன சொல்ல முடியும்? நீங்கள் எழுதியதுதானே என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வகுப்புக்குள் போய் நின்றேன். வரும்போது தயார் செய்து வைத்திருந்த பேச்சு மறந்துபோய்விட்டது. "புத்தகத்துல ஒரு தப்பு இருக்கு. இப்போ இந்த மாசத்துல நிழல் வடக்கால விழாது. தெற்காலதான் விழும்" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் வகுப்பு முழுவதும் ஒரு சரசரப்பு. ஜாமெட்ரி பாக்ஸ்கள் திறந்தன. நோட்டைப் புரட்டி, அதே படத்தை அங்கேயும் வரைந்திருந்த பக்கத்தை எடுத்து, எல்லோரும் ரப்பரை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார்கள். "தெற்குதான மிஸ்?" என்று முன் வரிசையில் ஒருவன் உறுதி செய்துகொண்டான். இரண்டு பேர் எழுந்து சுவரில் ஒட்டியிருந்த தங்கள் படங்களிடம் ஓடினார்கள். யாரும் ஜன்னல் பக்கம்கூடத் திரும்பவில்லை.

"ரப்பரைக் கீழ போடுங்க" என்று கத்திவிட்டேன். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகு பிள்ளைகளிடம் நான் அப்படிக் கத்தியதில்லை. முதல் வரிசைப் பிள்ளை ஒன்று அழுகிற மாதிரி ஆகிவிட்டது. ஆசிரியை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மூன்றாவது வரிசையில் அந்தப் பெண் மட்டும் பாக்ஸைத் திறக்கவே இல்லை. கையை உயர்த்தினாள்.

"வெளிய போய்ப் பாத்துட்டுப் போடலாமா மிஸ்?"

போனோம். பன்னிரண்டு மணி ஆகியிருந்தது. சாப்பாட்டு மணி அடிக்க அரை மணிதான் இருந்தது, முட்டை போடும் நாள், பிள்ளைகளுக்கு மனசெல்லாம் சமையல் கூடத்தில். ஒரு நூலில் யாருடைய வீட்டுச் சாவியையோ கட்டித் தொங்கவிட்டு, அதற்கு நேராகக் குச்சியை நிமிர்த்தினேன். வானத்தை மேகம் மூடியிருந்தது. நிழலே இல்லை. பன்னிரண்டு இருபது வந்தது, போனது. எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் வாயால் விளக்கிவிடலாமா, மண்ணில் ஓர் உருண்டை வரைந்து காட்டிவிடலாமா என்று கை துறுதுறுத்தது. மணி அடித்தது, பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அந்தப் பெண் ஸ்கேலை மடியில் வைத்துக்கொண்டு குச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடப் போகவில்லையா என்று கேட்டதற்கு, மேகம் நகருது மிஸ் என்றாள்.

பன்னிரண்டு நாற்பதுக்கு வெயில் வந்தது. நிழல் தெற்கே, கொஞ்சம் கிழக்கே ஒதுங்கி விழுந்தது. கோபுரம் இருக்கும் பக்கம். அவள் குனிந்து அளந்தாள். எட்டரை சென்டிமீட்டர். நோட்டில் கட்டம் போட்டு, தேதி எழுதி, மணி எழுதி, மேகம் இருந்ததால் லேட் என்று பக்கத்தில் எழுதினாள். எழுதி முடித்துவிட்டுத் தலையைத் தூக்காமலேயே சொன்னாள்.

"மிஸ், அன்னிக்கும் இந்தப் பக்கம்தான் விழுந்துச்சு. நான் நல்லா கவனிக்கலன்னு சொன்னீங்க."

புத்தகத்தில் தப்பு என்று வகுப்பில் சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். போதவில்லை. புத்தகம் அவளைத் திட்டவில்லை.

"நீ நல்லாத்தான் கவனிச்ச. நான்தான் பாக்காமயே சொல்லிட்டேன். அப்படிச் சொன்னது தப்பு. மன்னிச்சுக்கம்மா."

அவள் தலையை ஆட்டினாள். மன்னித்தாளா, பெரியவர்கள் சொன்னால் தலையாட்ட வேண்டும் என்று ஆட்டினாளா, தெரியவில்லை. பிறகு அந்தக் கட்டத்துக்கு மேலே இன்னொரு வரிசை போட்டு, முதல் தடவை அளந்த தேதியை எழுதினாள். திசை என்ற இடத்தில் தெற்கு என்று எழுதினாள். அளவு என்ற இடத்தில் பென்சில் நின்றது.

"எவ்வளவுன்னு எழுதியிருந்தே?"

"அழிச்சிட்டேனே மிஸ். ஞாபகம் இல்ல."

"ஒன்பது கிட்ட இருக்கும். கணக்குப் போட்டா சரியா வந்துடும். நான் போட்டுத் தரட்டுமா?"

"வேணாம் மிஸ்" என்றாள். "அது நான் அளந்தது இல்லையே."

கட்டத்தைக் காலியாகவே விட்டு நோட்டை மூடிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனாள்.